லாரி கிளம்பிய பிறகு சொல்கிற வார்த்தை

அன்புள்ள மகனுக்கு,

சேசுவுக்கே தோத்திரம். புகழ வேண்டியதை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன், அவர் ஒருவருக்குத்தான் கண் படாது. நான் இங்கே ஏதோ இருக்கிறேன். கூரை ஏதோ இருக்கிறது. வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, அதுவும் ஏதோ இருக்கிறது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் மாதிரி நீ ஒரு நாள் காலையில் என் வாசலில் நின்றாய். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்தபோது மாதா கோயில் உபதேசியார் வாசித்துக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மாதா தேரைத் தோளில் சுமக்க உன் அப்பா ஆசையாக முன்னால் வந்தபோது, "நீ பின்னால வாப்பா, உப்புத் தண்ணியில ஊறின காலு, வழுக்கிடும்" என்று ஊர் பார்க்கச் சொன்ன மனிதர் அவர். உன் அப்பா அதை மறந்தும் விட்டார், செத்தும் போய்விட்டார். நான் இரண்டும் செய்யவில்லை. அதனால் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். குவைத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். போகும் முன்னால் பாண்டியில் உன் மாமியார் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம், அதை முடித்துவிட்டு ஸ்டெல்லாவையும் குழந்தையையும் அங்கேயே விட்டுவிட்டு நீ பம்பாய்க்குப் போய் விமானம் ஏறப் போகிறாய். எல்லாம் சரி. கடைசி வரியில் ஒன்று எழுதியிருந்தாயே, "நேரம் இருந்தால் மரக்காணம் வருகிறேன்" என்று, அந்த வரியைப் படித்து முடித்தபோது அடுப்பில் வைத்த கஞ்சி அடிபிடித்துவிட்டது.

இன்னொன்றும் அதில் இருந்தது. வேலை மார்வலஸ் என்று எழுதியிருக்கிறாய். கம்பெனி கொடுக்கப் போகிற அறை மார்வலஸ். மாமியார் வைத்த இறால் குழம்பு மார்வலஸ். அப்புறம் பாப்பாவும் மார்வலஸ். அறைக்கும் குழம்புக்கும் என் பேத்திக்கும் ஒரே வார்த்தையா? படித்தவன், உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? அந்த வார்த்தை இந்த ஊருக்கு எப்படி வந்தது, நாங்கள் அதை எதற்கு வைத்துக்கொண்டோம் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் மெட்ராஸ் போனபிறகு நீ பலதை மறந்திருக்கிறாய். அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். கோடை உச்சம். பாத்தியில் உப்பு பூத்து, ஆம்பளைகள் பலகையால் வாரிக் கரையில் தள்ள, நாங்கள் கூடையில் சுமந்து குவியல் போட்டுக்கொண்டிருந்தோம். இன்னும் பனையோலை போட்டு மூடவில்லை. உப்பு இலாகாவில் இருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஷூவைக் கழற்றாமல் வரப்பில் நடந்து வந்தார். குவியலில் இருந்து ஒரு கை உப்பை அள்ளி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "மார்வலஸ்!" என்றார். ஒரு தடவை சொன்னது போதாது என்று திரும்பவும் சொன்னார். ஜீப் போன பிறகு என்னோடு சுமக்கிற சின்னப்பொண்ணு கூடையை இறக்கிவிட்டு மேஸ்திரியைக் கேட்டாள்.

"இன்னா மேஸ்திரி, இன்னாமோ சொல்லிட்டுப் போறாரே அந்த ஆளு?"

"உப்பு நல்லா இருக்குதாம்."

"நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு இம்மாம் நீட்டு வார்த்தையா? வாயி வலிக்காது?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் நான் குவியலைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். ஏனென்றால் நம் பாத்தியில் ஒரு வழக்கம் உண்டு. மூடாத குவியலைப் பார்த்து யாரும் நல்லா இருக்குது என்று சொல்லமாட்டோம். உப்பு முத்து மாதிரி இருந்தாலும் "ஏதோ இருக்குது" என்போம். "பரவாயில்ல" என்போம். நம்மிடம் தங்க வேண்டும் என்று நினைக்கிற எதையும் வாயால் தூக்கக் கூடாது. இந்து வீட்டுப் பொம்பளைகளும் அப்படித்தான், மாதா கோயிலுக்குப் போகிற நாங்களும் அப்படித்தான். சாமியார் பிரசங்கத்தில் இதெல்லாம் மூட நம்பிக்கை என்று சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டோம். மறுநாள் பாத்திக்கு வந்து, பரவாயில்ல என்று சொன்னோம்.

அந்த அதிகாரி சொல்லிவிட்டுப் போன மறுநாள், கோடையில் யாரும் எதிர்பார்க்காத மழை. ஓலை கொண்டுவந்து போடுவதற்குள் குவியல் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. நாங்கள் முக்காடு போட்டுக்கொண்டு அது கரைவதைப் பார்த்து நின்றோம். சின்னப்பொண்ணுதான் சொன்னாள்: "அந்த வார்த்தைக்கு எவ்ளோ வெயிட்டு பாரு, மேகத்தையே இழுத்துக்குனு வந்துடுச்சு."

அதற்குப் பிறகு உங்கள் இங்கிலீஷ் வாத்தியார் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்தார். நீ பரீட்சையில் முதலாவதாக வந்திருந்தாய். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "உங்க பையன் மார்வலஸும்மா" என்று அவர் சொன்னதுதான் தாமதம், செதில் ஒட்டின கையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், அதை மட்டும் சொல்லாதீங்க. ஏதோ படிக்கிறான்னு சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவுது."

அவர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "அது கெட்ட வார்த்தை இல்லம்மா. அற்புதம்னு அர்த்தம். பார்த்தா ஆச்சரியத்துல வாயடைச்சுப் போயிடும், அப்படிப்பட்டதுக்குத்தான் சொல்லணும்" என்றார்.

"வாயடைச்சுப் போச்சுன்னா அப்புறம் எப்படி சார் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டேன். இன்றைக்கு வரைக்கும் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சொன்ன அர்த்தத்தை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். வார்த்தையை நீ எடுத்துக்கொண்டாய். அன்றிலிருந்து உனக்கு எல்லாமே அதுதான். ஈஸ்டருக்கு நான் நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தபோது, கோயில் வாசலில் வைத்து, "எம்மா, மார்வலஸ்" என்றாய். நான் உன் வாயில் ஒரு அடி போட்டேன். அடித்துவிட்டேனே ஒழிய, அந்தச் சேலையை அதற்கப்புறம் எந்தப் பண்டிகைக்கும் நான் கட்டாமல் இருந்ததில்லை. நீ கவனித்திருக்கமாட்டாய். ஆம்பளைப் பிள்ளைகள் அடியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

உன் அப்பாவுக்கு அந்த வார்த்தையே தேவைப்பட்டதில்லை. நான் நண்டுக் குழம்பு வைத்த நாளில், சோற்றைப் பிசைந்து முதல் வாய் போட்டுக்கொண்டு, நண்டுக் காலை உடைத்து உறிஞ்சுவார். அப்புறம், "உப்பு இருக்குது" என்பார். அவ்வளவுதான். நாள் முழுக்க உப்பிலேயே கிடந்த மனுஷன் அதைச் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு யாரும் என் குழம்பில் உப்பு இருக்கிறது என்று சொன்னதில்லை. நானே வைத்து நானே சாப்பிடுகிறேன். இருக்கிறதா இல்லையா என்றே சில நாள் தெரிவதில்லை.

சின்னப்பொண்ணு தன் மகளை இடையஞ்சாவடியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள் இல்லையா, அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து குடிசை போட்டுக்கொண்டு மரம் நடுகிறார்களாம். இவள் பேரனைப் பார்க்கப் போய்விட்டு வந்து ஒரு வாரம் அதே பேச்சு. "செம்மண்ணைப் பார்த்து மார்வலஸுன்றான். முருங்கைக்கீரைக்கும் மார்வலஸு. எம் பேரன் மூக்கு ஒழுவிக்குனு நிக்கிறான், அதுக்கும் மார்வலஸு. ஆனா ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவலக்கா!" என்றாள். நான் சொன்னேன்: "அவங்க வூடு வாசல், அப்பன் ஆயி எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்கடி. கையில எதையும் புடிச்சு வெச்சுக்கல. அவங்க சொல்லலாம்." நீ எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகப் போகிறாய் என்று எனக்குத் தெரியாததால், உன் கடிதத்தைப் படித்தபோது இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது.

சரி, ஸ்டெல்லா விஷயத்துக்கு வருகிறேன். நீ படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும், ஆனால் மடிக்காதே.

கல்யாணம் முடிந்து நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். மறுநாள் காலையில் நான் அவளைப் பாத்திக்கு அழைத்துப் போனேன். பாண்டியில் பிறந்த பெண், அவ்வளவு உப்பை ஒன்றாகப் பார்த்ததில்லை. செருப்பை வரப்பில் கழற்றிப் போட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி குவியலைப் பார்த்து ஓடினாள். காலில் உப்புக் கல் கிழித்து, அதில் பாத்தித் தண்ணீர் பட்டு எரிந்து, ஒற்றைக் காலில் குதித்தாள். குதித்துக்கொண்டே சிரித்தாள். நான் குடிக்கக் கொண்டுபோயிருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் அவள் காலில் ஊற்றினேன். நம் ஊரில் நல்ல தண்ணீர் எங்கிருந்து சுமந்து வருகிறோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு முழுக்கத் தாகமாகவே வேலை செய்தேன். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

சாயங்காலம் பொண்ணைப் பார்க்க எல்லாரும் வந்தார்கள். சின்னப்பொண்ணு வாசலிலேயே கேட்டாள், "இன்னாக்கா, மருமவ எப்படி?"

"ஏதோ இருக்குது. பரவாயில்ல," என்றேன்.

வந்திருந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "அப்ப கெட்டியாப் புடிச்சுக்க" என்று சின்னப்பொண்ணு என் இடுப்பில் கிள்ளினாள். நான் எவ்வளவு உயர்த்திச் சொல்லிவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்தது. உள்ளே கதவுக்குப் பின்னால் நின்ற உன் பெண்டாட்டிக்குத் தெரியவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அப்பா ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், அவள் வீட்டில் நல்லதை நல்லது என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நீங்கள் இரண்டு பேரும் பெட்டியோடு நின்றீர்கள். "இன்னாடா, நாலு நாள் இருக்கப்போறதாச் சொன்ன?" என்று கேட்டேன். "லீவு இல்லம்மா" என்றாய். அவள்தான் நேராகப் பேசினாள், அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. "ஏதோ இருக்குதுன்னு சொன்னீங்களே அத்தை. எங்க வீட்ல உடைஞ்ச நாற்காலியைத்தான் அப்படிச் சொல்லுவோம்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் ஷூவைப் பார்த்தாய்.

அந்த இடத்தில்தான் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன். உபதேசியாரை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த ஷூவை மன்னிக்கமாட்டேன். நீ பாத்தியில் பிறந்தவன். தவழ்ந்த வயசில் இருந்து இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். "ஸ்டெல்லா, எங்கம்மா வாயில இதைவிடப் பெருசா வார்த்தை கிடையாது" என்று நீ ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவள் பெட்டியைக் கீழே வைத்திருப்பாள். ஊரில் இருக்கிற இங்கிலீஷுக்கெல்லாம் உனக்கு அர்த்தம் தெரியும், அம்மா பேசினதற்கு அர்த்தம் சொல்ல வெட்கமாக இருந்ததா? உப்பளத்துப் பழக்கம் என்று டவுன் பெண் சிரித்துவிடுவாள் என்று பயந்தாயா? அன்றைக்கு அவள் அழுதது தேவலையாகப் போய்விட்டதா உனக்கு?

நீயே சொல்லியிருக்கலாமே அம்மா என்று கேட்பாய். எப்படிச் சொல்வேன்? விளக்கிச் சொன்னால் அதுவே புகழ்ச்சி. அதுவும் வாசற்படி தாண்டுகிற நேரத்தில். அந்த நேரத்துப் புகழ்ச்சியை நாங்கள் எதற்கு வைத்திருக்கிறோம் என்று உனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருஷமும், மழைக்கு முன்னால் கடைசிக் குவியலை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும்போது, நாங்கள் பொம்பளைகள் எல்லாரும் வரப்பில் வரிசையாக நிற்போம். லாரி ரோட்டில் ஏறின பிறகு, இத்தனை மாசமும் வாயில் அடக்கி வைத்ததையெல்லாம் கத்துவோம். "எந் தங்கமே! முத்தே! மல்லிப்பூவே!" என்று. இனிமேல் அது நம்முடையது இல்லை, போகட்டும், எங்கே போனாலும் நல்லா இருக்கட்டும் என்று மனசை விட்டுவிடுவதற்காகக் கத்துவது அது. அந்த அதிகாரி வந்துபோன வருஷத்தில் இருந்து சின்னப்பொண்ணு அதோடு ஒன்றைச் சேர்த்துவிட்டாள். எல்லாரும் கத்தி முடித்ததும் அவள் மட்டும் கையை வாயருகே குவித்து, "மார்வலஸ்!" என்று கத்துவாள். சிரித்து முடித்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். எங்களுக்கு அந்த வார்த்தையின் உபயோகம் அது ஒன்றுதான்.

நீ முதல் முதலாக மெட்ராஸ் வேலைக்குப் பஸ் ஏறின நாளில், வழியனுப்ப அவளும் வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். பஸ் உறுமினதும் பழக்கதோஷத்தில் அவள் கையை வாயருகே கொண்டுபோனாள். நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். பல்லால் கடித்துவிட்டாள், பாவி. நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து நீ ஜன்னல் வழியாக, "எம்மா, சும்மா இரேன்" என்று கத்தினாய். பஸ் போய்விட்டது. அந்தக் கடி பட்ட இடம் இன்னும் என் உள்ளங்கையில் தடித்துக் கிடக்கிறது. ஆனால் அவளைச் சொல்ல விடவில்லை. அதனால்தான் நீ கல்யாணம் முடிந்து பெண்டாட்டியோடு திரும்பி வந்தாய், இல்லையா?

குழந்தையின் போட்டோ வந்ததும் ஸ்டூடியோக்காரன் கொடுத்த அட்டையில் இருந்து எடுத்து, கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். போட்டோ கெட்டுவிட்டது என்று ஸ்டெல்லா வருத்தப்பட்டால் வேறு ஒன்று அனுப்பச் சொல், அதிலும் வைப்பேன். பாத்தியில் எல்லாருக்கும் காட்டினேன். "இன்னாக்கா, பேத்தி எப்படி?" என்றார்கள். "ஏதோ இருக்குது, மூக்குதான் சப்பை" என்றேன். மூக்கு உன் அப்பா மூக்கு. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் கூடை தூக்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி, ஓலை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டேன். வாத்தியார் சொன்னாரே, வாயடைத்துப் போகும் என்று, அது சரிதான்.

என் முட்டிக்கால் இனிமேல் பாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற கால் இல்லை. வந்தாலும், கூப்பிடாத வீட்டு ஞானஸ்நானத்துக்கு நான் வரமாட்டேன், என்னை உனக்குத் தெரியும். நீ வா. அவளையும் கூட்டிக்கொண்டு வா, குழந்தையைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வா, காற்று உப்பாக இருக்கிறது. நேரம் இருந்தால் என்று எழுதினாயே, எனக்கு அந்த நேரம் ஒரு பொழுது போதும். ஒரு நண்டுக் குழம்பு வைத்து இறக்குகிற பொழுது. வாசலில் குழந்தையை வாங்கி, முகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று சொல்வேன். ஸ்டெல்லாவைப் பார்த்தும் அதையே சொல்வேன், மாற்றிச் சொல்லமாட்டேன். அப்போது நீ ஷூவைப் பார்க்காதே. அவள் முகத்தைப் பார்த்து, எங்கம்மா சொல்வதற்கு இதுதான் அர்த்தம் என்று, நான் கேட்கும்படி சொல். நான் காது கேட்காதவள் மாதிரி அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன்.

இந்த வருஷத்துக் கடைசிக் குவியல் இன்னும் ஓலைக்கடியில் இருக்கிறது. வடக்கே மேகம் கட்டுகிறது, மேஸ்திரி லாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். இன்னும் சில நாளில் நாங்கள் வரப்பில் வரிசையாக நிற்போம். ஊரில் யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும் இன்றைக்கு வரைக்கும், "மெட்ராஸ்ல ஏதோ இருக்கான்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னை நான் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. நீ இங்கே வராமலே அந்த விமானத்தில் ஏறிவிட்டால், லாரி ரோட்டில் ஏறுகிற அன்றைக்கு நான் சின்னப்பொண்ணை முந்திக்கொண்டு, மேலே வானத்தைப் பார்த்து அந்த வார்த்தையைக் கத்துவேன். கத்திவிட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

என்னைச் சொல்ல வைக்காதே.

இப்படிக்கு,
ஏதோ இருக்கிற
உன் அம்மா